வாழைப்பழத் தோல் ஈயத்தைப் பிடிக்குமா? டவுன் பஸ்ல சீட் பிடிக்கிற கதைதான்!

[திரையில்: முறத்தில் காய்ந்து கறுத்துச் சுருண்ட வாழைப்பழத் தோல்]

பழத்தைத் தின்னுட்டுத் தோலை என்ன பண்ணுவீங்க? மாட்டுக்குப் போடுவீங்க, இல்லன்னா குப்பைக்கு. பிரேசில்ல சில வேதியியல்காரங்க அதை அரைச்சு ஆத்துத் தண்ணியில சோதிச்சுப் பாத்தாங்க. தண்ணியில இருந்த ஈயம் தோல்ல போய் ஒட்டிக்கிச்சு! வணக்கம் மக்களே, ஸ்கிப் பண்ணிடாதீங்க, நடுவுல ஒரு பஸ் வருது.

பின்னணியை மடமடன்னு முடிச்சிடறேன். கழிவுநீர்ல கரைஞ்ச ஈயம் கொதிக்க வச்சாலும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். நம்ம நாட்டுத் தரப்படி குடிநீர்ல ஈயத்துக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அவ்ளோதான் பாடம்.

2011-ல சாவ் பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகத்து குஸ்தாவோ காஸ்ட்ரோவும் அவர் குழுவும் இந்த ஆய்வை வெளியிட்டாங்க. பரானா ஆத்துத் தண்ணியில ஈயம், செம்பு ரெண்டையும் தோல்தூள் பிடிச்சது. எப்படி?

[திரையில்: கூட்டம் நெரியும் டவுன் பஸ்]

தோல்ல பெக்டின் இருக்கு. ஜாம் கெட்டியாகுதே, அதுக்குக் காரணமான அதே பெக்டின்தான். அதுல வரிசையா கார்பாக்சில் தொகுதிகள். இதுதான் நம்ம பஸ்ல சீட். சீட்டுக்கு மைனஸ் மின்னேற்றம், ஈயத்துக்கு ரெண்டு ப்ளஸ். பார்த்ததும் ஓடிவந்து உக்காந்துக்கும். கால்சியமும் ஏறப் பாக்கும், ஆனா ஈயத்தோட பிடி இரும்புப் பிடி.

இப்ப தண்ணியில அமிலத்தைக் கூட்டுங்க. ஹைட்ரஜன் அயனிங்க கும்பலா வந்து, பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டுடும்! ஈயம் ஃபுட்போர்டுல தொங்க வேண்டியதுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதாங்க. ஏன்னா இந்தக் கோளாறையே வசதியா மாத்திக்கலாம். ஈயம் ஏறின தூளை அமிலத்துல கழுவினா ஈயம் இறங்கிடும், சீட் காலி, அடுத்த டிரிப்புக்கு பஸ் ரெடி. அவங்க அதே தூளை 11 தடவை வரைக்கும் பயன்படுத்தினாங்க. நம்ம ஃபில்டர்ல ரெண்டாவது டிகாக்‌ஷனே வெந்நீர் மாதிரி இறங்குது!

உடனே ராணிப்பேட்டை குரோமியத்துக்கு இதைக் கொண்டு வாங்கன்னு கமென்ட் போடுவீங்க, தெரியும். பொறுங்க. அங்க மூடிக்கிடக்கிற குரோமேட் ஆலைக் கழிவுல இருக்கிறது ஆறு இணைதிறன் குரோமியம். அது தண்ணியில மைனஸ் மின்னேற்றத்தோட, குரோமேட்டா சுத்துது. சீட்டும் மைனஸ், ஆளும் மைனஸ். ஏறவே ஏறாது. அதுக்குத் தண்ணி அமிலமா இருக்கணும், அப்பதான் தோல்ல இருக்கிற கரிமப் பொருள் எலக்ட்ரான் கொடுத்து அதை நச்சு குறைஞ்ச மூணு இணைதிறன் குரோமியமா மாத்தும். ஈயத்துக்கு ஆகாத அதே அமிலம் இங்க கட்டாயம்!

வாட்ஸ்அப்ல இதைப் பாத்துட்டு வீட்டுக் குடத்துல தோலைப் போட்டுடாதீங்க. தண்ணி பழுப்பாகி, ரெண்டு நாள்ல புளிச்ச நாத்தம் வரும், கிருமியும் சாகாது. ஆலைக் கழிவுநீருக்குன்னா பேசலாம், அப்பவும் கழுவின அமிலத்துல ஈயம் அப்படியே இருக்கும், அதைத் தனியாப் பிரிச்சாகணும்.

ஆரம்பத்துல மாட்டுக்குப் போடுவீங்கன்னு சொன்னேன்ல? ஈயம் ஏறின தோலை மட்டும் அது பக்கமே கொண்டு போயிடாதீங்க.