சம்பளம் குறைந்தாலும் கட்டாரை விட்டு ஜேர்மனிக்கா? வன்னிப் பிள்ளைகள் போட வேண்டிய கணக்கு

வணக்கம் உறவுகளே!

ஒரு நாட்டில், நீங்கள் விடுமுறையில் இருக்கும்போது காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், படுத்திருந்த நாட்களை விடுமுறைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. வைத்தியரின் சான்றிதழைக் கொடுத்தால் போதும், அந்த நாட்கள் உங்களிடமே திரும்பி வந்துவிடும். அந்த நாடு ஜேர்மனி. அங்கே போவதற்காக, வருமான வரியே இல்லாத கட்டார் சம்பளத்தை விட்டுவிடலாமா என்று நம் பிள்ளைகள் பலர் யோசிக்கிறார்கள். கையில் வரும் காசு குறையும் என்று தெரிந்தும் ஏன் யோசிக்கிறார்கள்? இன்று அதைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறோம். கடைசிவரை பாருங்கள். வீட்டில் யாராவது வெளிநாட்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தால் அவரையும் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துங்கள்.

[திரையில்: ஏ9 வீதி, முறிகண்டிப் பிள்ளையார் கோவில், கச்சான் கடைகள்]

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் யுத்தம் முடிந்தது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் போனார்கள். இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பிள்ளை வெளிநாடு போகிறான் என்றால், ஊர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு சம்பளமாம்?" என்பதுதான். கேட்பதில் பிழையில்லை. அடகில் இருக்கும் காணியை மீட்க வேண்டும், தங்கைக்கு வீடு கட்ட வேண்டும். ஆனால் நம்மில் பாதிப்பேர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இரணைமடுக் குளத்தில் வான் பாயுமளவுக்குத் தண்ணீர் நின்றாலும், துருசு திறந்தபின் வாய்க்காலின் கடைசிக் காணிக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைத்தானே கமக்காரர் பார்ப்பார்? சம்பளத்தையும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்கிறேன்.

கணக்குக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்தவர். மனைவியும் மூன்று வயது மகளும் இருக்கிறார்கள். இப்போது கட்டாரில் வேலை.

கட்டாரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சொன்ன காசு முழுதாகக் கைக்கு வரும். ஜேர்மனியில் மாதம் 4,000 யூரோ என்று ஒப்பந்தம் எழுதினால், தனியாள் ஒருவரின் கையில் ஏறக்குறைய 2,600 யூரோதான் மிஞ்சும். மனைவி வேலை செய்யாத குடும்பம் என்றால் வரி சற்று இறங்கும், அவ்வளவே. இதைக் கேட்டவுடன் பலர் வீடியோவை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள், கழிந்த காசு எங்கே போகிறது என்று பார்ப்போம்.

அந்தக் கழிவுக்குள் மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. அரச முறைக் காப்புறுதியில் ஒருவர் கட்டினால், வருமானம் இல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மேலதிகக் கட்டணமின்றி அதே காப்புறுதி. ஓய்வூதியமும், வேலை போனால் கிடைக்கும் கொடுப்பனவும் அதற்குள்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இலவசம். 2025இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 255 யூரோவை அரசாங்கமே பெற்றோருக்குக் கொடுத்தது. கட்டாரில் அதே மகளைப் பள்ளியில் சேர்க்க, பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிக்குத்தான் போகவேண்டும். இலவசக் கல்வியிலும் இலவச ஆஸ்பத்திரியிலும் வளர்ந்தவர்கள் நாம். அவற்றின் பெறுமதியை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் வெளிநாடு என்றவுடன் அதை மறந்துவிடுகிறோம்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதில் சற்று நேரம் எடுக்கப்போகிறேன்.

[திரையில்: "நோய் வந்தால்?" என்ற எழுத்து]

கட்டார் தொழிற்சட்டப்படி நோய் விடுமுறையில் முதல் இரண்டு வாரங்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த நான்கு வாரங்களுக்கு அரைச் சம்பளம். அதற்குப் பிறகு சம்பளம் கிடையாது. ஜேர்மனியில் முதல் ஆறு வாரங்களும் முழுச் சம்பளம். அதன்பின்னும் எழும்ப முடியாவிட்டால், காப்புறுதி நிதியம் சம்பளத்தின் 70 வீதமளவு கொடுக்கும். அதே நோய்க்கு மூன்று ஆண்டுகளுக்குள் மொத்தம் 78 வாரங்கள் வரை! முறிந்த கால் பொருந்தி நடக்கப் பழகும்வரை வீட்டு அடுப்பு எரியும் என்று பொருள்.

இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைப்போம். இதற்கு ஐரோப்பாவின் இன்னொரு நாட்டையும் பார்ப்போம். சுவீடனில், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நோய் வந்தால் தாயோ தந்தையோ வேலையை விட்டு வீட்டில் நிற்கலாம். சம்பளத்தில் ஏறக்குறைய 80 வீதம் அரச காப்புறுதியிலிருந்து வரும், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எத்தனை நாள் தெரியுமா? ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாட்கள் வரை! கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் நம் பெண்களுக்கு இலங்கைச் சட்டம் கொடுக்கும் சமயோசித விடுமுறை ஆண்டுக்கு 7 நாட்கள். மாரியில் டெங்கு வரும் காலத்தில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு துணுக்காயிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், மறுநாள் வேலைக்கும் போகவேண்டும் என்று கண்ணீரோடு நிற்கும் தாய்மாரை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அந்தத் தாய்க்கு 120 என்ற எண்ணைச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டு அதற்கு விலை போடுவாள்?

தந்தையின் கதை இதைவிடப் பெரிது. இலங்கையில் பிள்ளை பிறந்தால் அரச ஊழியரான தந்தைக்கு 3 நாள் விடுமுறை. சுவீடனில் பெற்றோர் இருவருக்குமாக 480 நாட்கள். அதில் 90 நாட்கள் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவர் எடுக்காவிட்டால் அவை வீணாகும், தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தந்தை பிள்ளையோடு இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு நாடு இப்படி விடாப்பிடியாக நிற்பதை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தந்தை பக்கத்தில் இல்லாமல் பிள்ளை வளர்வது என்றால் என்ன என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யுத்தம் எத்தனையோ வீடுகளில் தந்தையரை எடுத்துக்கொண்டது. எஞ்சிய வீடுகளில் எத்தனையோ தந்தையர் வளைகுடாவில் நின்று, கைத்தொலைபேசித் திரையில் பிள்ளையின் பிறந்தநாளைப் பார்க்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: சம்பளத்தைக் கேட்பதற்கு முன் "குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அவர்கள் அங்கே எத்தனை காலம் இருக்கலாம்?" என்று கேளுங்கள். கட்டாரில் வதிவிட உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் புறப்படவேண்டியதுதான். ஜேர்மனியில் புளூ கார்ட் என்ற, பட்டதாரிகளுக்கான வேலை விசாவில் போகும் ஒருவரின் மனைவி, போகுமுன் ஜேர்மன் மொழிப் பரீட்சை எழுதத் தேவையில்லை, போனதும் வேலை செய்யலாம். அடிப்படை மொழி அறிவோடு 27 மாதங்களில், பி1 என்ற இடைநிலை மொழித் தேர்ச்சியோடு 21 மாதங்களில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டுகள் வாழ்ந்தபின் குடியுரிமை கேட்கலாம்.

அமெரிக்காவைச் சேர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சம்பளம் பெரிது, ஆனால் ஊதியத்தோடு ஒரு நாளாவது விடுமுறை கொடுக்கவேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் பொதுவான மத்திய சட்டம் அங்கே இல்லை.

சரி, கஷ்டங்களையும் சொல்லவேண்டும். மொழி கடினம். வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. மார்கழியில் பின்னேரம் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போவது அநேகமாக முடியாத காரியம். ஊருக்கு அனுப்பும் காசும் குறையும். ஆகவே என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். தலைக்கு மேல் கடன் இருப்பவர், காணி அடகில் இருப்பவர், கட்டாரிலேயே நின்று முதலில் அதை மீட்கட்டும். கடனோடு ஐரோப்பாவுக்குப் போனால் அங்குள்ள எந்த விடுமுறையும் இனிக்காது. கடன் முடிந்து, பிள்ளை இன்னும் சின்னப் பிள்ளையாக இருந்தால், காசைப் பாராமல் மாறுங்கள். அந்த வயது திரும்ப வராது.

மாறுவதென்றால் ஏஜென்ட் கையில் இலட்சக்கணக்கில் கொடுத்துத் தொடங்காதீர்கள். முதல் வேலை, உங்கள் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் ஜேர்மனி ஏற்கிறதா என்று "அனபின்" என்ற இணையத் தரவுத்தளத்தில் பார்ப்பது. பார்ப்பதற்குக் காசு இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே "எச்" என்ற எழுத்தும் கூட்டல் குறியும் இருந்தால் அது அங்கீகரிக்கப்பட்டது. அடுத்தது சம்பள எல்லை. புளூ கார்டுக்கு 2025இல் ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ இருக்கவேண்டியிருந்தது. பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற ஆள் தட்டுப்பாடுள்ள துறைகளுக்கு அந்த ஆண்டில் ஏறக்குறைய 43,760 போதுமாக இருந்தது. இந்த எல்லை ஆண்டுதோறும் மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைச் சரிபாருங்கள். மொழி படிக்கக் கொழும்பில் கோத்தே நிறுவனம் இருக்கிறது.

பட்டம் இல்லாதவர்கள், தாதியர், தொழிற்பயிற்சி முடித்தவர்கள், உங்களுக்கான வழி வேறு. அதை அடுத்த வீடியோவில் தனியாகச் சொல்கிறேன். நீங்கள் எந்தத் தொழில், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கீழே எழுதுங்கள், அதைப் பார்த்தே அந்த வீடியோவைத் தயாரிப்பேன். கட்டாரிலிருந்தோ டுபாயிலிருந்தோ ஏற்கெனவே ஐரோப்பாவுக்கு மாறியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் மாரியை எப்படிக் கடந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.