ஆணி தேய்க்கிற வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள்

வணக்கம், எல்லோரும் நலமா? இன்றைக்குக் கேமராவை மேசைக்கு நேராக இறக்கி வைத்திருக்கிறேன். என் முகத்தை விடுங்கள், இந்தச் சின்ன மரக் காரின் சக்கரத்தைப் பாருங்கள். லேசாக ஒரு தட்டு... சுற்றுகிறது. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வீடியோ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், இதே சக்கரம் கரகரவென்று நாலு சுற்றுப் போய் நின்றுவிடும். இப்போது அரை நிமிடத்தைத் தாண்டுகிறது! இதைச் செய்தது என் சின்னவள். எட்டு வயது. நான் டிரில்லைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் பங்கு.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது பைன்வுட் டெர்பி கார். அமெரிக்காவில் கப் ஸ்கவுட் பிள்ளைகள், அதாவது சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள், பெற்றோரோடு சேர்ந்து செய்து ஓட்டுவது. பெட்டிக்குள் ஏழு அங்குல நீளத்துக்கு ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், நான்கு ஆணி இருக்கும். அந்த ஆணிதான் அச்சு. மோட்டார் கிடையாது. சரிவான தடத்தின் உச்சியில் நிறுத்தி விடுவார்கள், கார் தன் எடையிலேயே உருண்டு போகும். ஓட்டம் மூன்று விநாடி சுமாருக்கு முடிந்துவிடும். அந்த மூன்று விநாடிக்காக எங்கள் சாப்பாட்டு மேசை வாரக்கணக்கில் மரத்தூளாகக் கிடக்கிறது. எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை.

சரி, இந்த வீடியோ எடுக்க வந்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் பேக்கில், அதாவது எங்கள் கப் ஸ்கவுட் குழுவில், எல்லோரும் சேர்ந்து கட்டையை அறுக்கிற நாள் ஒன்று நடந்தது. அங்கே ஒரு அப்பா எனக்கு அக்கறையாக யோசனை சொன்னார். சக்கரம், அச்சு, எடை எல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை, பிள்ளைக்குப் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் கொடுத்துவிட்டால் போதும் என்றார். அவருடைய பையன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கார் அப்பாவின் கையில் இருந்தது. எனக்கு வயிறு எரிந்துவிட்டது. அன்றையிலிருந்து மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அதை இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காரின் வேகம் மூன்று இடத்தில் இருக்கிறது: எடை, அச்சின் வழவழப்பு, சக்கரம் நேராகப் போவது. காரின் உடம்பு வடிவத்தால் கிடைக்கிற லாபம் இவற்றுக்குப் பிறகுதான். ஆனால் பெரியவர்கள் எதற்காகக் கட்டையைக் குழந்தையின் கையிலிருந்து வாங்குகிறார்கள்? வடிவத்துக்காக. ரம்பம் வைத்து அறுக்கிற வேலை பெரியவர்களுடையது, ஒத்துக்கொள்கிறேன், விரல் போய்விடும். அதற்குப் பிறகு வருகிற, வேகம் கொடுக்கிற வேலைகள் எல்லாமே ஒரு எட்டு வயதுக் கைக்கு அடங்குகிறவை. சின்ன விரல், நிறையப் பொறுமை, அடிக்கடி தொட்டுப் பார்க்கிற ஆசை. அச்சு தேய்க்க வேறென்ன வேண்டும்?

ஆணியைக் காட்டுகிறேன், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இது பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கிற உபரி ஆணி. கொண்டைக்கு அடியில் பிசிறு தெரிகிறதா? தண்டிலும் குறுக்கே கோடு கோடாக இருக்கிறது. ஆணி செய்கிற இயந்திரம் பிடித்த தடம் அது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இந்தப் பிசிறில்தான் உரசிப் போகிறது. கரகர சத்தம் இங்கிருந்துதான் வந்தது.

ஆணியின் கூர்முனையை டிரில்லில் மாட்டி, கொண்டை வெளியே இருக்கும்படி வைத்து, மெதுவான வேகத்தில் சுற்ற விட்டேன். அவள் சின்ன அரத்தைக் கொண்டைக்கு அடியில் சாய்த்துப் பிடித்தாள். பிசிறு போனது. அப்புறம் உப்புத்தாள். பட்டை பட்டையாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, 400-ஆம் நம்பரில் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏற வேண்டும். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். முந்தைய தாள் போட்ட கீறலை அடுத்த தாள் அழிக்கும், அதனால் நடுவில் எதையும் தாண்டக் கூடாது. பெரியவர்கள் தாண்டுவார்கள், அவசரம். இவள் தாண்டவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் பிறகு ஆணியைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கோடு தெரியுதும்மா" என்று திரும்ப வந்தாள். எனக்குத் தெரியவே இல்லை அந்தக் கோடு! கடைசியில் உலோகப் பாலிஷைத் துணியில் தொட்டுத் துடைத்தோம். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது.

ஒன்றை விட்டுவிட்டேன். சக்கரம் உட்கார்ந்து சுற்றுகிற பகுதியை மட்டும்தான் தேய்க்க வேண்டும். மரத்துக்குள் போகிற பகுதியைத் தேய்த்தால் ஆணி மெலிந்து ஆடும். அப்புறம் இது அதைவிட முக்கியம்: பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிரில் பக்கம் பிள்ளையை விடாதீர்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள், தொங்குகிற சட்டைக்கை வேண்டாம்.

மசகு விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சே கிடையாது. கிராஃபைட் தூள்தான். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நிறையப் பந்தயங்களில் அதை அனுமதிப்பதும் இல்லை. கிராஃபைட்டைச் சக்கரத்தின் துளையில் போட்டு, சுற்றி, மறுபடியும் போட்டு, சுற்றி, உள்ளே படிய விட வேண்டும். சக்கரத்தின் உள்பக்கம் கட்டையில் உரசும் இல்லையா, அந்த இடத்தில் சாதாரணப் பென்சிலால் அழுத்தித் தீட்டினால் போதும், பென்சிலில் இருப்பதும் கிராஃபைட்தான். அவளுக்கு இந்தப் பென்சில் வேலைதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

எடை. விதிப்படி ஐந்து அவுன்ஸ், அதாவது சுமார் 141.7 கிராம், அதற்கு மேல் போகக் கூடாது. குறைத்து வைத்தால் நமக்குத்தான் நஷ்டம். எங்கே வைப்பது என்பதற்குக் காரணம் உண்டு. கார் சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கும். எடை பின்னால் இருந்தால் அது விழுகிற உயரமும் கூடும், கிடைக்கிற வேகமும் கூடும். மிகவும் பின்னால் தள்ளினால் மூக்கு தூக்கிக்கொண்டு அலையும். பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் சமநிலை வந்தால் நல்லது என்று பலரும் வைப்பார்கள். அவள் காரை ஸ்கேலின் விளிம்பில் வைத்து, சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடிக் கோடு போட்டாள். ஈயம் எங்கள் வீட்டில் கிடையாது, பிள்ளைகள் தொடுகிற பொருளில் ஈயம் கூடவே கூடாது. நாங்கள் டங்ஸ்டன் போட்டோம். ஈயத்தைவிடவே அடர்த்தி மிக அதிகம், கன சென்டிமீட்டருக்கு 19 கிராமுக்கு மேல். அதனால் சின்னத் துளைக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது எங்களைப் படுத்திய பிரச்சினைக்கு வருகிறேன். அச்சு மின்னுகிறது, சக்கரம் சுற்றுகிறது, எடை சரி. மேசையில் உருட்டினால் கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது! சக்கரங்களை இடம் மாற்றினோம், அப்படியே இழுத்தது. ஆணிகளை மாற்றினோம், அதே இழுப்பு. கடைசியில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால், கட்டையில் முன்பக்கம் ஆணி செருக வெட்டியிருந்த பள்ளம் குறுக்கே நேராக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருந்தது. யார் கண்டுபிடித்தது? அவள்தான். மட்டத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வெளிச்சம் வருகிறது என்று காட்டினாள்.

எங்கள் பேக்கில் ஆணியை வளைக்க அனுமதி இல்லை. ஆகவே பள்ளத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய தாள் துண்டைச் செருகி ஆணியை நேராக்கினோம். செருகு, உருட்டு, சாக்பீஸால் கோடு போடு, எடு, மறுபடி செருகு. முழுக்க நேராக வர வேண்டும் என்பதும் இல்லை, கேளுங்கள். தடத்தின் நடுவில் ஒரு பட்டை இருக்கிறது, காரின் சக்கரங்கள் அதன் இரண்டு பக்கமும் போகும். அங்குமிங்கும் மோதி ஆடிக்கொண்டு போகிற காரைவிட, ஒரு முன்சக்கரம் பட்டையை மெல்லத் தொட்டபடியே போகிற கார் வேகம் இழப்பது குறைவு. அதனால் நான்கடிக்கு ஓர் அங்குலம் சாய்கிற மாதிரி விட்டோம். சாக்பீஸ் கோட்டில் அவள் நினைத்த இடத்தில் கார் வந்து நின்றபோது நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவன் எழுந்து வந்துவிட்டான்.

ஆணிக்குப் பசை வைப்பது எல்லாம் சரிபார்த்த பிறகுதான். ஒரு துளி போதும், சக்கரத்துக்குள் போய்விடக் கூடாது. கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கெட்டியான அட்டை போய்வருகிற இடைவெளி விடுங்கள்.

அந்த அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்ல ஆசை. இந்தப் பந்தயத்தை 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கியவர் டான் மர்ஃபி. பிள்ளைகள் தாங்களே செய்த மோட்டார் இல்லாத காரில் உட்கார்ந்து சரிவில் ஓட்டுகிற சோப் பாக்ஸ் டெர்பி பந்தயத்தில் கலந்துகொள்ள அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து கையால் செய்து பழக ஏதாவது வேண்டும் என்றுதான் இந்தச் சின்னக் காரை யோசித்தார். அப்போது அது பையன்களுக்கு மட்டும்தான். 2018 முதல் கப் ஸ்கவுட்டில் பெண் பிள்ளைகளும் சேரலாம், அதனால்தான் என் சின்னவளும் இந்த மேசையில் இருக்கிறாள். பிள்ளைக்காக உண்டாக்கிய பந்தயத்தில் பிள்ளையை ஓரமாக நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெயிண்ட் பற்றி யாராவது கேட்பீர்கள். சிவப்பு. ஒரே பூச்சு. அதற்கும் எடை உண்டு என்று சொன்னதும் இரண்டாவது பூச்சு வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். வெள்ளிக்கிழமை எடை போட்டுக் காரை ஒப்படைத்துவிட்டால் அப்புறம் தொட முடியாது. அதற்குள் நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஒட்டியபின் மறுபடியும் எடை பார்க்க வேண்டும், கிராஃபைட் ஒரு தடவை போட வேண்டும். தராசைத் துடைத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறாள். பந்தயம் முடிந்ததும் அடுத்த வீடியோ போடுகிறேன்.