முதுகைக் காட்டிய கொள்ளையன்: ‘ஐ ஷாட் ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ (1949)

[திரையில்: கறுப்பு வெள்ளைக் காட்சி. வங்கி ஊழியரின் முகம், மிக அண்மையில்.]

ஒரு வங்கிக் கொள்ளையுடன் இந்தப் படம் தொடங்குகிறது. கொள்ளையரின் முகம், அசையாமல் நிற்கும் ஊழியரின் முகம், அபாய மணியை நோக்கி மெல்ல நகரும் ஒரு கால் என்று மாறி மாறி வரும் அண்மைக் காட்சிகளாலேயே சாமுவேல் ஃபுல்லர் அந்தக் கொள்ளையைக் காட்டிவிடுகிறார். அவர் இயக்கிய முதல் படம் இது. செய்தியாளராகவும், பின்னர் இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரராகவும் இருந்தவர் அவர். சிக்கனமாகப் படமெடுப்பதற்குப் பெயர்பெற்ற ராபர்ட் லிப்பெர்ட் தயாரிக்க, ஏறக்குறைய பத்தே நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது.

ஜெஸ்ஸி ஜேம்ஸ் உண்மையில் வாழ்ந்த கொள்ளையன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு மிசூரி மாநிலத்தில் வங்கிகளையும் ரயில்களையும் சூறையாடிய அவனை, தோற்றுப்போன தென்தரப்பை ஆதரித்த பத்திரிகையாளர்கள் வீரனாகவே எழுதினார்கள். 1939-ல் டைரோன் பவர் நடித்து வெளிவந்த வண்ணப் படமும் அந்தப் புகழையே வளர்த்தது. ஃபுல்லரோ, ஜெஸ்ஸியைக் கொன்ற ராபர்ட் ஃபோர்டைக் கதையின் நடுவில் நிறுத்தினார். அகன்ற நிலவெளிகளையும் பெரும் குதிரைப் படையையும் காட்டப் பணமில்லாத படம், குற்றம் செய்தவனின் முகத்தை விட்டு அகலாமல் இருந்தது. அதன் பலமே அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

[திரையில்: குளியல் தொட்டி.]

படத்தின் உயிர் இந்தக் காட்சியில் இருக்கிறது. ஜெஸ்ஸி தொட்டியில் அமர்ந்திருக்கிறான். துப்பாக்கியோடு பின்னால் நிற்கும் ஃபோர்டின் பார்வை அந்த வெற்று முதுகின் மேல் நிலைத்திருக்கிறது. ஏன் தயங்குகிறாய், முதுகைத் தேய்த்துவிடு என்கிறான் ஜெஸ்ஸி. ஃபோர்டும் தேய்த்துவிடுகிறான். பொதுமன்னிப்புப் பெற்று, காதலியான நடிகை சிந்தியை மணக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், தன்னை முழுமையாக நம்பிய நண்பனைப் பின்னர் அவன் சுட்டுவிடுகிறான். சுவரில் தொங்கும் படத்தைச் சரிசெய்ய ஜெஸ்ஸி திரும்பியபோது அது நிகழ்கிறது. 1882 ஏப்ரல் 3 அன்று செயின்ட் ஜோசப் நகரில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

மன்னிப்புக் கிடைக்கிறது, ஆனால் வெகுமதியில் சிறு பகுதியே கைக்கு வருகிறது. சிந்தியோ அவனைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறாள். பிழைப்புக்காக அந்தக் கொலையையே மேடையில் நடித்துக்காட்ட ஒப்புக்கொண்ட ஃபோர்டால், ஜெஸ்ஸியாக நிற்கும் நடிகரை நோக்கிப் பொய்யாகக்கூடச் சுட முடியவில்லை. மதுக்கூடம் ஒன்றில், தன் எதிரே இருப்பவன் யாரென்று அறியாத பாடகன் ஒருவன் ஜெஸ்ஸியைக் கொன்ற கோழையைப் பழித்துப் பாடுகிறான். நான்தான் அந்த ஃபோர்ட் என்று சொல்லி, நடுங்கும் பாடகனைக் கடைசி வரி வரை பாடவைத்துக் கேட்கிறான் ஃபோர்ட். ஃபோர்டாக நடித்த ஜான் அயர்லாந்தின் இறுகிய முகம் அந்த இடத்தில் வசனத்துக்கு வேலை வைக்கவில்லை.

[திரையில்: இரவு. க்ரீட் நகரின் தெரு.]

இறுதி மோதலில், சிந்தியின் அன்பைப் பெற்றுவிட்ட கெல்லி, ஃபோர்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்கிறான். முதுகில் சுட்டவன் என்று ஊரே தூற்றிய ஒருவனுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது. குண்டடிபட்டுச் சாயும்போது, ஜெஸ்ஸிக்குச் செய்ததற்காக வருந்துவதாகவும், அவனைத் தான் நேசித்ததாகவும் சிந்தியிடம் ஃபோர்ட் சொல்கிறான்.

வரலாற்றில் இப்படி ஒரு நேருக்கு நேர் மோதல் நடக்கவில்லை. 1892-ல், கொலராடோவின் வெள்ளிச் சுரங்க நகரமான க்ரீடில், எட்வர்ட் ஓகெல்லி என்பவர் ஃபோர்டின் மதுக்கூடத்துக்குள் நுழைந்து அவனைச் சுட்டுக் கொன்றார். ஃபுல்லர் அதை மாற்றியது பிழையென்று எனக்குத் தோன்றவில்லை. குளியல் தொட்டியில் தொடங்கிய விசாரணைக்கு அந்தத் தெருவில்தான் தீர்ப்புக் கிடைக்கிறது. லிப்பெர்ட்டும் ஃபுல்லரும் அடுத்து ‘தி பாரன் ஆஃப் அரிசோனா’, ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ ஆகிய இரு படங்களில் மீண்டும் இணைந்து பணியாற்றினார்கள்.