உண்ணிக் காய்ச்சல் ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வருமா?

அடுத்த கேள்வி ஆரணி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "எங்க அம்மாவுக்கு மூணு வருஷம் முன்னாடி ஸ்க்ரப் டைபஸ்ங்கிற உண்ணிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம் சார். இந்த மார்கழியில மறுபடி அதே காய்ச்சல்ங்கிறாங்க. ஒரு தடவை வந்துட்டா உடம்புல எதிர்ப்பு சக்தி வந்துடாதா? இதுக்கு ஏன் தடுப்பூசி இல்ல?"

மறுபடி வரும்மா. எதிர்ப்பு சக்தி வரத்தான் செய்யுது, ஆனா கொஞ்ச காலம்தான் நிக்கும். அதுவும் எந்த ரகக் கிருமி வந்துச்சோ அந்த ரகத்துக்குத்தான் நல்லா வேலை செய்யும். அதே ரகம் திரும்ப வந்தா ஒரு சில வருஷம் தாங்கும். வேற ரகம்னா சில மாசத்தோட சரி.

இந்தக் கிருமிக்குப் பேரு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. இதைக் கொண்டு வர்றது நாய் மேல ஒட்டியிருக்கிற பெரிய உண்ணி இல்ல. புதர்லயும் வரப்புலயும் எலி நடமாடுற இடத்துலயும் இருக்கிற மைட்ங்கிற பூச்சியோட குஞ்சு. கண்ணுக்கே சரியாத் தெரியாது. குஞ்சா இருக்கறப்ப மட்டும், பொதுவா வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் கடிக்கும். அப்ப கிருமி எப்படித் தொடர்ந்து வாழுது? தாய்ப் பூச்சியோட முட்டை வழியா குஞ்சுக்குப் போயிடுது. அப்படியே தலைமுறை தலைமுறையா போகுது. மனுஷனுக்கு வர்றது தற்செயல்தான். ஆளுக்கு ஆள் தொத்தாது, அதனால அம்மா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிறதுக்கு பயப்படவே வேண்டாம்.

இப்ப ரகம்னு சொன்னேன் இல்லையா. கிருமியோட மேல்தோல்ல ஒரு புரதம் இருக்கு, அதோட எடையை வெச்சு 56 கிலோடால்டன் புரதம்னு சொல்லுவாங்க. நம்ம உடம்பு முக்கியமா அதைப் பார்த்துதான் கிருமியை அடையாளம் கண்டுபிடிக்குது. அந்தப் புரதம்தான் ரகத்துக்கு ரகம் ரொம்ப மாறுது. 1943-ல நியூகினியில ஒரு நோயாளிகிட்ட எடுத்தது கார்ப், அதே வருஷம் பர்மா பக்கம் எடுத்தது கில்லியம், அப்புறம் ஜப்பான்ல எடுத்தது கேட்டோ. இதெல்லாம் பழைய ரகங்க. இன்னைக்கு பட்டியல் ரொம்ப நீளம். வேலூர், சிம்லா, ஷில்லாங் மூணு ஊர் நோயாளிகளோட மாதிரியை வெச்சு 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல கேட்டோ சாயல் உள்ளதுதான் அதிகம், அடுத்தது கார்ப் சாயல்.

ஏன் இவ்வளவு மாறுதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். செல்லுக்குள்ளயே அடைஞ்சு வாழற பாக்டீரியா பொதுவா தேவையில்லாத ஜீனை எல்லாம் தொலைச்சுட்டு சின்னதாயிடும். பேன் வழியா வர்ற டைபஸ் கிருமி நம்ம ஓரியன்ஷியாவுக்கு உறவுக்காரன்தான், அதோட ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு, சுமார் 11 லட்சம் எழுத்து. ஆனா 2007-ல ஓரியன்ஷியாவுல கொரியாவோட போர்யாங் ரகத்தைப் படிச்சுப் பார்த்தா, சுமார் 21 லட்சம்! அதுல கிட்டத்தட்ட 40 சதவீதம் திரும்பத் திரும்ப வர்ற துண்டுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்துல பாதிக்குக் கொஞ்சம் குறைவான பக்கம், ஏற்கெனவே இருக்கிற பக்கங்களோட ஜெராக்ஸாவே இருந்தா எப்படி இருக்கும், அப்படி. ஒரே மாதிரி துண்டு பல இடத்துல இருந்தா, அந்த இடங்கள்ல ஜீன் வெட்டி ஒட்டிக்கிறதும் இடம் மாறறதும் சுலபம். போதாததுக்கு, ஜீனைக் கைமாத்தற வேலைக்கான ஜீன்களோட மிச்சமும் நூத்துக்கணக்குல கிடக்கு. ரெண்டு ரகம் ஒரே உடம்புல சேர்ந்தா கலப்பு நடக்க வழி இருக்கு. தாய்லாந்துல ஒரே நோயாளிகிட்ட ஒண்ணுக்கு மேற்பட்ட ரகத்தைப் பார்த்திருக்காங்க. அதனால மேல்தோல் புரதத்தை வெச்சு ஒரு வம்சாவளி போட்டா ஒரு மாதிரி வருது, மத்த ஜீன்களை வெச்சுப் போட்டா வேற மாதிரி வருது.

தடுப்பூசி இல்லாததுக்கு முக்கிய காரணமும் இதுதாம்மா. ரெண்டாம் உலகப் போர் காலத்துல இருந்தே முயற்சி பண்றாங்க. ஒரு ரகத்துக்குச் செஞ்சா இன்னொரு ரகத்தைத் தடுக்கல, கிடைச்ச பாதுகாப்பும் சீக்கிரம் குறைஞ்சு போச்சு.

மருந்துல இந்தச் சிக்கல் இல்ல. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டும் எல்லா ரகத்துக்கும்தான் குடுக்கிறோம். சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். நோய் முத்திப் போனவங்களுக்கு ரெண்டையும் சேர்த்து நரம்புல ஏத்தினா, ஒண்ணை மட்டும் குடுக்கிறதைவிட நல்ல பலன்னு நம்ம நாட்டுல நடந்த பெரிய ஆய்வு 2023-ல காட்டுச்சு. எதை எப்பன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

உங்க அம்மா விஷயத்துல ரெண்டு சொல்லணும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புத் துணி கட்டுற இடம், இங்கெல்லாம் கறுப்பா, சிகரெட் சுட்ட மாதிரி ஒரு பொருக்கு இருக்கான்னு பாருங்க. வலிக்காது, அதனால அவங்களுக்கே தெரியாது. அது இல்லைன்னாலும் நோய் இல்லைன்னு விட்டுடாதீங்க. ரெண்டாவது, முன்னாடி எந்த வருஷம், எந்த மாசம் வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கிற ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை சில பேருக்கு நோய் ஆறினப்புறமும் பல மாசம் பாசிட்டிவ்னே காட்டும். மூணு வருஷம்ங்கிறது நல்ல இடைவெளி, அதனால இது புதுசா வந்ததா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.