கண்ணாடிக்குள் ஓர் எதிரொலி

அவையோருக்கு வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நானோ விநாடி பழக்கம். அதற்குள் பத்து லட்சம் ஃபெம்டோ விநாடி அடங்கும். இன்றைய பேச்சு அந்த ஃபெம்டோ விநாடியைப் பற்றி.

கண்ணாடியில் பதித்த சாயத்தின் மேல் லேசர் துடிப்பைச் செலுத்தினால், சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே தாளத்தில் அதிரத் தொடங்கும். அறை வெப்பநிலையில் சில பத்து ஃபெம்டோ விநாடிகளில் அந்த ஒற்றுமை குலைந்துவிடும். காரணம் இரண்டு. கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்திருப்பதால் ஒவ்வொரு மூலக்கூறின் அதிர்வெண்ணும் வேறு. இது நிலையான வேறுபாடு. மற்றது, சுற்றியுள்ள அணுக்களின் ஓயாத அசைவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் குளிர்ந்த கண்ணாடியின் நிறமாலையில் முதலாவதுதான் பூதாகரமாகத் தெரியும்.

பிரிப்பது எப்படி? தைப்பூசத்தின்போது குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து தண்ணீர்மலைக்குக் கிளம்பும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் நடையில் போய்ச் சிதறிவிடுவார்கள். நடுவில் ‘எல்லாரும் திரும்புங்கள்’ என்று ஒரு குரல் வந்தால்? முன்னே போனவருக்குத் தூரம் அதிகம். ஆனால் அவர் வேகக்காரர். போன நேரமே திரும்பவும் ஆகும், எல்லாரும் கோவில் வாசலில் ஒன்றாக நிற்பார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்க ஒதுங்கியவர்களைத் தவிர!

இரண்டாவது லேசர் துடிப்புதான் அந்தக் குரல். அதே இடைவெளி கழித்து மூலக்கூறுகள் தாமாகவே ஓர் ஒளித்துடிப்பை வெளிவிடும். இந்த ஃபோட்டான் எதிரொலியை 1964-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணிக்கப் படிகத்தில் கண்டார்கள். இடைவெளியைக் கூட்டக் கூட்ட எதிரொலி மங்கும். பந்தலில் ஒதுங்கியவர்கள், அதாவது சுற்றியுள்ள அணுக்களின் அசைவால் தாளம் தப்பிய மூலக்கூறுகள், கூடுகிறார்கள் அல்லவா? அது எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதே நாம் தேடும் அளவு.

இவ்வளவு சின்ன இடைவெளிக்கு எந்தக் கடிகாரம்? கடிகாரமே இல்லை, நீளத்தைத்தான் அளக்கிறார்கள். பாதையில் ஓர் ஆடியை 15 மைக்ரோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், ஒளிக்குப் போக வர 30 மைக்ரோமீட்டர் கூடுதல்; தாமதம் 100 ஃபெம்டோ விநாடி. துடிப்பும் அவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டாம் என்று 1984-இல் ஜப்பானில் மொரிட்டாவும் யாஜிமாவும் காட்டினார்கள். தாறுமாறாக ஏறி இறங்கும் நீண்ட ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாமதித்தால் போதும். ஏற்ற இறக்கத்தின் வேகம்தான் கணக்கு. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த குறும்பு இது.

சரி, குளிரவைத்தால்? படிகத்தில் சில கெல்வினில், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்குச் சற்று மேலே, அணு அசைவின் தொந்தரவு பெரும்பாலும் அடங்கிவிடும். கண்ணாடி அப்படி அடங்காது. 1972-இல் இயற்பியலாளர்கள் ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா மூவரும், தனியாக ஃபிலிப்ஸும், கண்ணாடியின் வெப்ப ஏற்புத்திறனை விளக்க ஒரு கருத்துச் சொன்னார்கள்: சில அணுக்கூட்டங்களுக்கு ஏறக்குறைய சமமான இரண்டு இருப்பிடங்கள் உண்டு, கடுங்குளிரிலும் அவை மாறி மாறி அமரும். சாய மூலக்கூறை உலுக்குவதும் அவைதான். மூன்றாவது துடிப்பொன்றைச் சேர்த்து, இரண்டாவதுக்கும் அதற்கும் நடுவில் காத்திருக்கும் நேரத்தை நீட்டினால், எதிரொலி இன்னும் வேகமாக மங்குகிறது. மெதுவாக இடம் மாறுகிற கூட்டங்களுக்கும் அதற்குள் நேரம் கிடைத்துவிடுகிறது.