பள்ளி திறக்கும் மாதத்தில் வந்த குத்தகைப் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

கென்யாவின் தலைநகரான நைரோபியை ஒட்டியே சிங்கங்கள் உலவும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. 1946-இல் அமைந்தது, பரப்பு 117 சதுர கிலோமீட்டர். நகரத்தைப் பார்த்த பக்கமெல்லாம் வேலி, தெற்கே மட்டும் திறந்தவெளி. மழை பெய்துவிட்டால் வரிக்குதிரைகளும் வைல்டபீஸ்ட் என்னும் பெரிய மறிமான் கூட்டங்களும் அந்த வழியாக வெளியேறி, கிடெங்கேலா சமவெளியில் புல் மேயப் போகும். வறட்சி வந்தால் தண்ணீருக்காகப் பூங்காவுக்கே திரும்பும். இரை போகும் இடத்துக்குச் சிங்கமும் போகும்.

அந்தச் சமவெளி மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். ஒரு காலத்தில் பொதுவாக இருந்தது, பிறகு குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிந்து தனிச் சொத்தானது. நைரோபி வளர வளர நில விலை ஏறியது. வாங்கியவர்கள் வேலி போட்டார்கள், கல் உடைத்தார்கள், வீடு கட்டினார்கள். விலங்குகள் போய்வந்த பாதை துண்டு துண்டாக அடைபட்டது.

மாசாய்க் குடும்பங்கள் நிலத்தை விற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பள்ளிக் கட்டணமும் ஒன்று. கென்யாவில் 2003-இலிருந்து தொடக்கப் பள்ளியில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீடுகள் சிதறிக் கிடக்கும் மேய்ச்சல் நாட்டில் உயர்நிலைப் படிப்பு என்றால் பெரும்பாலும் விடுதிப் பள்ளிதான். அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை பள்ளி திறக்கும். அந்த வாரம் கையில் காசு இல்லாவிட்டால் ஒரு மாட்டை ஓட்டிப் போய்க் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியதுதான். வறட்சியில் இளைத்த மாட்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

இந்த நிலையில்தான் 2000-இல் கிடெங்கேலாவில் விலங்குகளின் பாதையைத் திறந்து வைக்க ஒரு குத்தகைத் திட்டம் தொடங்கியது. நிலத்தை விற்காதீர்கள், வேலி போடாதீர்கள், கல் எடுக்காதீர்கள், விலங்கைக் கொல்லாதீர்கள், மாடு மேய்ப்பதை மட்டும் வழக்கம்போல் செய்யுங்கள். இவ்வளவுதான் நிபந்தனை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 டாலர் என்று கணக்கு. 100 ஏக்கர் வைத்திருந்தால் 400 டாலர். இந்தத் தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, பள்ளி திறக்கும் சமயம் பார்த்துக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி பிள்ளைகளின் படிப்புக்கே போனது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நேரக் கணக்குதான். தொகை பெரிதல்ல; மனை விற்றால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் கைக்கு வருகிற பணத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மாடும் தப்பிக்கிறது, நிலமும் தப்பிக்கிறது, பிள்ளையும் வகுப்புக்குப் போகிறது.

அதே பூங்காவின் ஓரத்தில் வளர்ந்தவர் ரிச்சர்ட் துரேரே. அப்பாவின் மாடுகளைக் காவல் காக்கும் பொறுப்பு சிறுவயதிலேயே அவர் தலையில் விழுந்தது. இரவில் சிங்கம் வந்து மாட்டை அடிக்கும். தீ மூட்டிப் பார்த்தார், பயனில்லை. சோளக்கொல்லைப் பொம்மை வைத்தார். முதல் நாள் மிரண்ட சிங்கம், அது அசையவில்லை என்று தெரிந்ததும் மறுநாள் வந்துவிட்டது. ஒருநாள் இரவு டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது சிங்கம் வரவே இல்லை. நகரும் வெளிச்சத்துக்கு அது பயப்படுகிறது! பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இன்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சின் பல்புகள், ஒரு சோலார் தகடு. இவற்றை இணைத்துப் பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளைப் பொருத்தினார். அப்போது அவருக்கு வயது 11. அக்கம்பக்கத்திலும் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த விளக்கே அவருக்கு நைரோபியில் ஒரு நல்ல பள்ளியில் உதவித்தொகையோடு இடம் வாங்கித் தந்தது.

சரி, எல்லாம் நன்றாகவே போகிறதா என்றால், இல்லை. கிடெங்கேலா திட்டம் நன்கொடையை நம்பி நடந்தது. கென்யாவின் இன்னொரு வனவிலங்குப் பகுதியான மாசாய் மாராவைச் சுற்றியுள்ள காப்பு நிலங்களில் சுற்றுலா விடுதிகளே உரிமையாளர்களுக்குக் குத்தகை கொடுக்கின்றன. 2020-இல் கொரோனாவால் பயணிகள் வருவது நின்றதும் அந்தப் பணமும் தடுமாறியது. விடுதிகள் நன்றாகச் சம்பாதிக்கும் ஆண்டுகளிலேயே மூன்று பள்ளித் தவணைக்கான பணத்தை எடுத்துத் தனியாக வங்கியில் போட்டுவைக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் முதல் வரியாகவே இதை எழுதச் சொல்லி மாசாய்ப் பெற்றோர் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வணக்கம்.