மழை பெஞ்சாலும் போவாங்க, காத்தடிச்சா போக மாட்டாங்க

ஹலோ மக்களே! இன்னைக்கு காருக்குள்ள உக்காந்துதான் பேசப் போறேன். இந்தக் கோலத்தோட வீட்டுக்குள்ள போனா கார்பெட்டை நான்தான் தேய்க்கணும். இருங்க, கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன்... தெரியுதா? முட்டி வரைக்கும் சேறு. எங்கயும் வழுக்கி விழல, பயப்படாதீங்க. பாப்பா ஸ்கூல்ல ஃபாரஸ்ட் ஸ்கூலுக்கு, அதாவது பிள்ளைங்களை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய் கையாலயே செஞ்சு கத்துக்க விடுற கிளாஸுக்கு, வாலண்டியரா போயிட்டு வரேன். பிள்ளைங்க இருக்குற இடத்துல போனையே வெளிய எடுக்கக் கூடாது. அதனால ஒரு ஷாட் கூட கிடையாது, வாயாலயே படம் காட்டுறேன்.

லண்டன்ல இந்த இல்ஃபோர்டுக்கு வந்த புதுசுல "புதன்கிழமை ஃபாரஸ்ட் ஸ்கூல், வெல்லி பூட்ஸ் அனுப்புங்க"ன்னு (சேத்துல போடுற ரப்பர் பூட்ஸ்தான்) லெட்டர் வந்தப்ப, நான் என்னமோ பிக்னிக்னு நினைச்சு லெமன் சாதம் கட்டிக் குடுத்தேன். சிரிக்காதீங்க. அது பிக்னிக் இல்ல. கிரவுண்டுக்குப் பின்னாடி, வேலி ஓரமா ஒரு சின்னத் தோப்பு இருக்கு. வாரா வாரம் அதே இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க, இலையெல்லாம் கொட்டிப் போனாலும் சரி. வருசத்துக்கு ஒரு தடவை காட்டைச் சுத்திப் பாத்துட்டு வந்தா அது ஃபாரஸ்ட் ஸ்கூல் கணக்குல வராதாம். திரும்பத் திரும்பப் போகணும், அதுக்குன்னு ட்ரெயினிங் எடுத்த ஒரு லீடர் இருக்கணும்.

இந்த ஐடியா எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, டென்மார்க். 1993-ல இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் பிரிட்ஜ்வாட்டர் காலேஜ்ல இருந்து ஒரு குரூப் அங்க போயிருக்காங்க. அங்க நர்சரிப் பிள்ளைங்க பாதி நாள் வெளியவே கிடக்குறதைப் பாத்துட்டு வந்து இங்க ஆரம்பிச்சாங்க. இப்ப பிரைமரி ஸ்கூல்லயும் நல்லாப் பரவிருச்சு.

சரி, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். எல்டர்னு ஒரு மரம். அதோட குச்சியை உடைச்சா நடுவுல தெர்மாகோல் மாதிரி மெத்துன்னு வெள்ளையா இருக்கும். கட்டை விரல் தடிமன் குச்சியை ரம்பத்தால சின்னச் சின்னத் துண்டா அறுத்து, டென்ட் ஆணியால அந்த மெத்தையைக் குத்தித் தள்ளினா, நூல்ல கோக்குற மணி ரெடி. செய்யிறது யாரு? ஆறு ஏழு வயசுப் பிள்ளைங்க. நெஜ ரம்பம்ங்க, பொம்மை இல்ல!

எனக்குக் கையெல்லாம் நடுங்குது. ஒரு பையன், ரொம்பப் பொடியன், குச்சியைப் பிடிக்கிற கையில மட்டும் கிளவுஸ் போட்டுக்கிட்டான். ரம்பம் பிடிக்கிற கையில போடல. ஏன்டா தம்பின்னு கேட்டேன். "ரம்பத்துல கிளவுஸ் போட்டா கை வழுக்கும்"னு எனக்குப் பாடம் எடுக்குறான். அப்புறம் ரெண்டு கையையும் நீட்டி ஒரு சுத்து சுத்துனான், பக்கத்துல யாரும் இல்லன்னு பாத்துட்டுத்தான் ஒரு முட்டி போட்டு உக்காந்தான். ரம்பம் பாதியில மாட்டிக்கிச்சு. என் கை தானா முன்னாடி போகுது. லீடர் என் தோளைத் தொட்டு, தலையை மட்டும் ஆட்டுனாங்க, வேணாம்னு. அவன் ரம்பத்தை எடுத்து, குச்சியைத் திருப்பி வச்சு, மறுபடி அறுத்தான். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல, எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு. "பாத்து, பாத்து"ன்னு சொல்லாம வாயை மூடிட்டு நின்னேன் பாருங்க, நான் பண்ணதுல கஷ்டமான வேலை அதுதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், வீட்டுல பண்ணிப் பாக்குறவங்க எல்டர் குச்சியை வாயில வைக்க விடாதீங்க. பச்சையா இருக்குறப்ப அதுல கொஞ்சம் நச்சு உண்டு. பீப்பி ஊதுறேன்னு கிளம்பிருவாங்க.

போன வீடியோல நெறைய பேர் கமென்ட் போட்டிருந்தீங்க, "நாங்க எல்லாம் ஊர்ல இப்படித்தான் வளந்தோம், இதுக்கு ஒரு ஸ்கூலா?"ன்னு. நீங்க வளந்திருப்பீங்க. நான் மதுரையில ஒரு சந்து வீட்டுல வளந்தவ. அரிவாமனை பக்கம் போனாலே "ஏய், தள்ளிப் போடி"ன்னு சத்தம் வரும். மரம் ஏறுனது எங்க அண்ணன். நான் கீழ நின்னு மாங்காய் பொறுக்குனேன். இங்க பாப்பாவும் ஏறுறா. அதனால அந்தக் கமென்ட்டுக்கு என்னால லைக் போட முடியல, மன்னிச்சுக்கோங்க.

போன ஞாயித்துக்கிழமை லண்டன் பக்கத்துல இருக்குற எப்பிங் ஃபாரஸ்ட்ங்கிற காட்டுக்குப் போயிருந்தோம். அங்க பழைய மரங்க எல்லாம் விசித்திரமா இருக்கும், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல மண்டை பெருத்து, அதுல இருந்து ஏழெட்டுக் கிளை கிளம்பியிருக்கும். பாப்பாதான் சொன்னா, அந்தக் காலத்துல விறகுக்காகக் கிளையை அந்த உயரத்துலயே வெட்டுவாங்களாம். அடியில வெட்டுனா துளிரை மாடு தின்னுரும். அட, நம்ம முருங்கையைக் கவாத்து பண்ணுற மாதிரி! 1878-ல சட்டம் போட்டு வெட்டுறதை நிப்பாட்டிட்டாங்க, அப்புறம் அந்தக் கிளைங்க அப்படியே பெருத்துருச்சு.

நெறைய பேர் கேட்ட கேள்வி: மழை பெஞ்சா? போவாங்க. இன்னைக்கே தூறல்தான். பெருங்காத்து அடிச்சாதான் கேன்சல், கிளை முறிஞ்சு தலையில விழும்ல. அதனால ரெயின்கோட்டுக்குக் காசு பாக்காதீங்க, வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டும் வாங்குங்க. பாப்பாவுக்கு வாங்கிட்டேன், எனக்கு வாங்கல. ரிசல்ட்டைத்தான் பாத்தீங்களே.

இதோ, இதுதான் மணி. அந்தப் பையன் எனக்குக் குடுத்தது. ஓட்டை கோணலா இருக்கு, ஒரு பக்கம் பட்டை உரிஞ்சிருச்சு. நூல் நுழையுமான்னு தெரியல... ஐயோ, மூணே காலா? ஸ்கூல் கேட் திறந்துட்டாங்க, பாப்பாவைக் கூப்பிட ஓடுறேன்.